கிணற்று மேட்டிலிருந்து கூடுதுறை வரை

முதல் நாள், ஆடி 14, காங்கயம்

மகளுக்கு இளநிலை புவியியலில் இடம் கிடைத்துவிட்டது. கல்லூரி திறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. "மேப் பார்க்கறதுக்கு எதுக்குங்க மூணு வருசம்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பள்ளியில் இருபது வருடமாகப் புவியியல் நடத்துகிறேன். இந்தக் கேள்விக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து பதில் சொல்லிப் பிரயோசனமில்லை என்று எனக்குத் தெரியும். ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எல்லாம் பஸ் பயணம்தான். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அப்பாவின் தோட்டம். ஊருக்குக் கிழக்கே, வெள்ளகோவில் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். சாளையில் பையை வைத்ததும் அப்பா காப்பித்தண்ணி கொடுத்தார். குடித்துவிட்டு நேராகக் கிணற்று மேட்டுக்குப் போனோம். 80 அடிக் கிணறு. தண்ணீர் அடியில் ஒரு மூலையில் பச்சையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"அம்மணி, படி வழுக்கும், பார்த்து எறங்கு" என்று சொல்லிவிட்டு அப்பா மேலேயே நின்றுகொண்டார். நாங்கள் இருவரும் பாதி ஆழம் வரை இறங்கினோம்.

கிணற்றுச் சுவரைப் போல ஒரு பாடப்புத்தகம் கிடையாது. மேலே ஒன்றரை அடி செம்மண், அதில் வேர்கள், எறும்புப் புற்று. அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாக முடிச்சுகள், கிழங்கு மாதிரி. எங்கள் பக்கம் அதைச் சுக்கான் என்போம். அப்புறம் கையால் உதிர்த்தால் உதிரும் மக்கிய பாறை. பாறையின் கோடுகள் அப்படியே இருக்கும், பலம் மட்டும் போயிருக்கும். அதற்கும் கீழே உளி பட்ட தழும்போடு கரும்பாறை. பாறையில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு, அதன் வாயில் ஈரம் கசிந்து பாசி பிடித்திருந்தது. ஒரு காலத்தில் இந்த வெடிப்பிலிருந்துதான் கமலை ஓட்டும் அளவுக்கு ஊற்று வந்தது என்பார் அப்பா. இப்போது பக்கவாட்டில் இரண்டு சைடு போர் போட்டும் பெரிய பலன் இல்லை.

மகள் ஒரு சுக்கான் கட்டியை எடுத்து நசுக்கினாள். நான் முந்தானையில் முடிந்து வைத்திருந்த எலுமிச்சை மூடியைப் பிழிந்தேன். பொடியின் மேல் சாறு பட்டதும் பொரிந்து நுரைத்தது. சுண்ணாம்பு. பாறையிலிருக்கும் சுண்ணச் சத்தை மழைநீர் கரைக்கிறது. மழை அதிகமுள்ள ஊராயிருந்தால் அதை அடித்துக்கொண்டே போயிருக்கும். இங்கே பெய்வது கொஞ்சம், வெயில் அதிகம். தண்ணீர் பாதி வழியிலேயே ஆவியாகிவிடுகிறது, சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடுகிறது. அப்படியானால் அந்த வெள்ளை முடிச்சு பாறையைப் பற்றிச் சொல்வதைவிட மழையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

மண்ணியல் என்ற தனித் துறை பிறந்ததே இந்த எண்ணத்தில்தான். ரஷ்யாவில் வசீலி தொகுச்சாயெவ் அந்நாட்டின் கருமண்ணை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்து 1883இல் வெளியிட்டார். மண்ணை வெறும் பாறைத் தூளாக அவர் பார்க்கவில்லை. தாய்ப்பாறை, காலநிலை, உயிர்கள், நிலத்தின் சாய்வு, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்து உண்டாக்கிய பொருளாகப் பார்த்தார். அந்த ஐந்தையும் நாங்கள் படியில் நின்றபடியே விரல் விட்டு எண்ணினோம்.

சாயந்திரம் கொறங்காட்டுப் பக்கம் நடந்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட காடு அது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடு வளர்ந்தது இந்த மேய்ச்சலில்தான். வெள்வேல மரம் வறட்சி தாங்கும், அதன் காய் மாட்டுக்குத் தீனி. புல் ஒரு மழைக்கே துளிர்க்கும். எந்தச் செடி எங்கே வளர்கிறது, ஏன் அங்கே மட்டும் வளர்கிறது என்று கேட்பது உயிர்ப்புவியியல். யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்காமலேயே இந்தச் சனங்கள் அதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

தூரத்தில் சிவன்மலை தெரிந்தது. அந்த மலையின் கல் தனி ரகம், நெஃபலின் சையனைட் (nepheline syenite) என்னும் பாறை. சுற்றுவட்டாரப் பாறையைப் போல அதில் வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) கலந்திருக்காது. குருந்தக்கல் உண்டு. 1901இல் புவியமைப்பியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதை விரிவாக எழுதி உலகத்துக்குத் தெரியப்படுத்தினார். "அப்ப இது ஜியாலஜி தானேம்மா?" என்றாள் மகள். கல் என்ன கல், எப்படி உண்டானது என்று கேட்டால் அது புவியமைப்பியல். சுற்றியிருந்த தரையெல்லாம் கரைந்து தட்டையான பிறகும் இந்தக் குன்று மட்டும் ஏன் எஞ்சி நிற்கிறது என்று கேட்டால் அது புவிப்புறவியல். நிலம் என்ன உருவத்தில் இருக்கிறது, அந்த உருவத்தை எது செதுக்கியது என்பதுதான் அதன் கவலை. சென்னிமலை, சிவன்மலை, ஊதியூர் என்று கொங்குச் சமவெளியில் தனித்தனியாக நிற்கும் குன்றுகள் எல்லாமே இப்படி எஞ்சியவைதான்.

இரண்டாம் நாள், ஆடி 15, பொள்ளாச்சி

தாராபுரம் வழியாக உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி. ஜன்னலோர சீட் வேண்டும் என்று அடம்பிடித்த மகள் கால் மணி நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டாள். அவ்வளவு காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நம் ஊர்ப்பக்கம் யாரும் வெறும் பழமொழியாக எடுத்துக்கொள்வதில்லை.

வழியெல்லாம் காற்றாலைகள். எல்லாமே ஒரே திசையில், மேற்கே முகம் திருப்பி நிற்கின்றன. ஓர் இடத்தில் பஸ் டீக்காக நின்றது. இறங்கி மேற்கே பார்க்கச் சொன்னேன். வலது கைப்பக்கம் நீலமாக ஒரு மலை முடிகிறது, இடது கைப்பக்கம் இன்னொரு மலை தொடங்குகிறது, நடுவில் வானம் தரை வரை இறங்கியிருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய்.

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் பக்கத்திலிருந்து குமரி வரை ஒரு மதில் மாதிரி. அதில் இவ்வளவு பெரிய உடைப்பு வேறு எங்கும் இல்லை. வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான இந்த வாசலின் தரை சுமார் 300 மீட்டர் அல்லது அதற்கும் கீழே. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மதிலில் மோதும் இடத்தில் மேலே ஏறிக் குளிர்ந்து கேரளத்தில் மழையைக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி, காய்ந்துபோய் வருகிறது. அதனால் நாம் மழை மறைவுப் பகுதி. கோவைச் சமவெளியில் வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொடுப்பது. ஆனால் வாசல் திறந்திருக்கும் இடத்தில் மட்டும் காற்று நெரிசலாகப் புகுந்து வேகமெடுக்கிறது. அந்த வேகத்தைத்தான் காற்றாலைகள் பிடிக்கின்றன. வாசலுக்கு அருகிலிருக்கும் பொள்ளாச்சிக்குச் சாரலும் கிடைக்கிறது. தென்னை அங்கே செழிப்பதற்கும் காங்கயத்தில் கொறங்காடு இருப்பதற்கும் இடையில் இருப்பது ஒரு சில மணி நேரப் பஸ் பயணம்தான்.

இன்றைக்குக் காற்று அடிக்கிறது என்றால் அது வானிலை. முப்பது வருடத்துக் காற்றையும் மழையையும் வெயிலையும் அடுக்கிப் பார்த்து, இந்த ஊரின் சுபாவம் இது என்று சொன்னால் காலநிலை. காலநிலையியலில் பெரிய பெயரான விளாடிமிர் கோப்பென் உலகத்தைக் காலநிலை வாரியாகப் பிரிக்கும்போது எல்லைகளைப் பெரும்பாலும் செடிகொடிகளை வைத்தே போட்டார். வெப்பமானிக்கு முன்னால் மரத்தைப் பார்த்த மனிதர். எனக்கு அவரை அதற்காகவே பிடிக்கும்.

சரி, இந்த வாசல் எப்படி உண்டானது? இதில் ஆய்வாளர்களுக்குள் ஒரே பேச்சு இல்லை. நிலத்தின் அடியில் பாறைகள் அரைபட்டு நகர்ந்த மிகப் பழைய பலவீனமான பட்டை ஒன்று பாலக்காட்டிலிருந்து காவிரி வரை ஓடுகிறது; அந்தப் பட்டையை ஆறுகள் அரித்து அகலப்படுத்தியிருக்கலாம் என்பது ஒரு வாதம். மடகாஸ்கரில் ரனோட்சாரா என்று ஓர் உடைவுப் பட்டை இருக்கிறது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிவதற்கு முன்னால் இரண்டும் ஒரே கோடாக இருந்திருக்குமா என்று தேடுகிறவர்களும் உண்டு. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு மடகாஸ்கரை நினைப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தரும்.

இந்தக் கணவாய் பறவைகளையும் பிரித்திருக்கிறது. உயர்ந்த மலைகளின் சோலைக்காட்டில் மட்டும் வாழும் நீல நிறக் குருவி ஒன்று உண்டு, சோலைக்கிளி என்பார்கள். கணவாய்க்கு வடக்கே, நீலகிரிப் பக்கம் ஓர் இனம். தெற்கே, ஆனைமலை, பழனிமலைப் பக்கம் வேறோர் இனம். குளிர்ந்த மலைக்காட்டை விட்டு இறங்காத பறவைக்கு இந்தச் சூடான சமவெளி கடல் மாதிரி. தலைமுறை தலைமுறையாகத் தாண்ட முடியாமல் இரண்டு இனமாகிவிட்டது. பாறையில் விழுந்த பழைய உடைப்பு ஒன்று காற்றைக் கொடுத்து, பொள்ளாச்சிக்குச் சாரலையும் கொடுத்து, குருவியையும் இரண்டாக்கியிருக்கிறது. பாடத்திட்டத்தில் இவை மூன்று தனித்தனித் தாள்கள்.

மூன்றாம் நாள், ஆடி 16, வால்பாறை

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வரையாடு பார்த்தோம், மூன்று. பாறை விளிம்பில் எங்களைப் பார்த்துக்கொண்டே மேய்ந்தன.

நான் மகளிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொரு ஐந்து வளைவுக்கும் என்ன மரம், எப்படிக் காற்று என்று குறித்துக்கொள். அடிவாரத்தில் முள்மரமும் புளியமரமும் உலர்ந்த புல்லும். அப்புறம் தேக்கு, மூங்கில். பாதிக்கு மேல் மரங்களின் உடம்பில் பாசி. முப்பதாவது வளைவில் மேகத்துக்குள் போய்விட்டோம், கண்ணாடியில் நீர் வழிந்தது. மேலே போகப் போக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி குளிரும். 1802இல் ஜெர்மன் இயற்கையியலாளர் அலெக்சாண்டர் ஹம்போல்ட் தென் அமெரிக்காவின் சிம்பராசோ மலையில் ஏறியபோது இதையேதான் செய்தார். எந்த உயரத்தில் எந்தச் செடி என்று குறித்து, மலையை நடுவே வெட்டினாற்போல ஒரு படம் வரைந்தார். அந்தப் படத்தின் கதையை இங்கே வளைவில் பஸ் சாயும்போது சொன்னால் மனதில் நிற்கிறது.

வால்பாறையில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. நாங்கள் தங்கிய விடுதியில் கூரை ஒழுகி என் குறிப்பு நோட்டு நனைந்துவிட்டது. முதல் நாள் பக்கங்களில் மை கரைந்து ஓடியிருந்தது. வருத்தம்தான், மகள் நினைவிலிருந்து திரும்ப எழுத உட்கார்ந்தாள்.

மதியம் மழை கொஞ்சம் விட்டதும் தேயிலைக் காட்டுப் பக்கம் நடந்தோம். ரோட்டுக்காக வெட்டிய சரிவில் மண் ஆளுயரத்துக்குத் தெரிந்தது. சிவப்பும் மஞ்சளுமாக, வெண்ணெய் மாதிரி வழவழப்பு. மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சொன்னாள்:

"அம்மா, இங்க சுக்கானே இல்லை."

நான் அதைச் சொல்லித் தரவில்லை. அவளே கண்டாள். பையிலிருந்த எலுமிச்சையைப் பிழிந்து பார்த்தாள். நுரைக்கவில்லை. இத்தனை மழையில் சுண்ணாம்பு எப்போதோ கரைந்து இறங்கிப் போய்விட்டது. மிஞ்சியது அமில மண். தேயிலைக்கு அமில மண்தான் வேண்டும். அந்தச் சரிவின் முன்னால் ஈர மண்ணோடு நின்ற அவள் முகம் எனக்கு ரொம்ப நாளைக்கு நினைவிருக்கும். இருபது வருடத்தில் வகுப்பறையில் எனக்கு இப்படி ஒரு நிமிடம் வாய்த்தது குறைவு.

திரும்பும் வழியில் அட்டைகள் மூன்று கடித்திருந்தன. மழைக்காட்டை வெட்டித்தான் இந்தத் தேயிலை வந்தது. மிச்சமிருக்கும் காட்டுத் துண்டுகளில் சோலைமந்திகள் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போக வழி பார்த்து உட்கார்ந்திருந்தன. ஓர் இனத்துக்குக் கணவாய் எப்படித் தடையோ, அப்படி இன்னொன்றுக்கு ஒரு தார்ச்சாலை.

இரவு அப்பாவுக்குப் போன் செய்தாள். "அப்புச்சி, இங்க பேயுற மழை உங்க கெணத்துக்கு வருமுங்களா?" என்று கேட்டாள். வரும். மேற்கே ஓடிக் கடலில் சேர வேண்டிய நீர் இது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் மேல் சோலையாறு அணையின் நீரைச் சுரங்கம் வழியாகப் பரம்பிக்குளத்துக்குத் திருப்பி, அங்கிருந்து சர்க்கார்பதி, திருமூர்த்தி அணை என்று கிழக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அதன் கடைமடைதான் எங்கள் பக்கம். மண்டலம் மாற்றித்தான் தண்ணீர் விடுவார்கள். எங்கள் மண்டலத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும் காலத்தில் அப்பாவின் கிணற்றில் அந்த வெடிப்பு தானாக ஊறும்.

நான்காம் நாள், ஆடி 17, கோவை

மழையில் நனைந்ததில் எனக்குச் சளி, காய்ச்சல். சித்தி வீட்டில் கசாயமும் படுக்கையுமாகப் போனது பகல் முழுக்க. மகள் கல்லூரிப் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். பனியாற்றியல் நமக்கு எதற்கு? ஊட்டியில் மார்கழியில் விழும் உறைபனி பனியாறு ஆகாது, வாஸ்தவம். ஆனால் ஒடிசாவில் தால்ச்சர் என்னும் ஊரில் பனியாறு உருட்டிக்கொண்டு வந்து போட்ட கற்படுகையை 1856இல் புவியமைப்பியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களும் அவர்களோடு சென்றவர்களும் அடையாளம் கண்டார்கள். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலமெல்லாம் தென் துருவத்துக்கு அருகே, கோண்டுவானா என்ற பெரிய கண்டத்தோடு ஒட்டிக் கிடந்தது. பனியின் தழும்பைப் படிக்கத் தெரிந்ததால்தான் அது தெரிந்தது.

கடலியல்? கொங்கு நாட்டுக்குக் கடற்கரை இல்லை. ஆனால் நேற்று முன்தினம் ஷட்டரை இறக்க வைத்த காற்று கடலில் புறப்பட்டது. பசிபிக் கடலின் மேல்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறைய வாய்ப்பு கூடுகிறது. அதே ஆண்டுகளில் நம் ஐப்பசி மழை பல முறை கூடுதலாகப் பெய்திருக்கிறது. காங்கயத்தில் சோளம் விதைக்கிறவருக்கும் பசிபிக் கடல் சம்பந்தமுள்ளதுதான்.

சாயந்திரம் பேரூர் வரை மட்டும் போனோம். வெள்ளிங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் அங்கே இன்னும் ஆறு மாதிரி இருக்கிறது. கீழே போகப் போக என்ன ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை எழுத இன்று தெம்பில்லை.

ஐந்தாம் நாள், ஆடி 18, பவானி

காலை ஆறு மணிக்கே பஸ்ஸில் நிற்க இடமில்லை. கூடுதுறைக்குப் புது மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியுமாகப் பெண்கள் கூட்டம். நாங்களும் இறங்கிக் குளித்தோம். முளைப்பாரி மிதந்து போனது. அம்மா இருந்த வரை ஒவ்வொரு வருடமும் இங்கே வந்திருக்கிறோம்.

பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய், அங்கே திரும்பி மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து, 217 கிலோமீட்டர் ஓடி இங்கே காவிரியில் சேர்கிறது. மாநில எல்லை தண்ணீருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது சரிவு மட்டும். ஓரிடத்தில் விழும் மழை எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிக்கும் மேட்டுக்கோடுதான் நீரியலில் உண்மையான எல்லை. அந்தக் கோட்டுக்குள் எவ்வளவு பெய்தது, எவ்வளவு மண்ணுக்குள் போனது, எவ்வளவு ஆவியானது, மிச்சம் எவ்வளவு ஆற்றில் வந்தது என்ற வரவு செலவுக் கணக்குதான் நீரியல்.

வெயில் ஏறுவதற்குள் காளிங்கராயன் அணைக்கட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று நடந்தோம். 13ஆம் நூற்றாண்டில் கட்டியது, 1283இல் முடிந்தது என்பார்கள். பவானி ஆறு காவிரியில் விழும் முன்பே தண்ணீரைத் திருப்பி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் கொண்டுபோய் நொய்யல் வரை சேர்க்கிற வாய்க்கால். நேர்கோட்டில் அளந்தால் தூரம் வெகு குறைவு. பாம்பு போல வளைந்து வளைந்து போகிறது. பாம்பு போன தடத்தில் காளிங்கராயன் வெட்டினார் என்று ஊரில் கதை உண்டு. அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். சின்ன வயதில் அப்படியே நம்பினேன். நிலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டும் வரைபடமான டோப்போ ஷீட்டில் சமஉயரக் கோட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் பாம்பு எங்கே போனது என்று புரிந்தது. வாய்க்கால் அந்தக் கோட்டை ஒட்டியே, துளித் துளியாக இறங்கிக்கொண்டு போகிறது. உயரத்தை விட்டுவிடாமல் போனால்தான் கீழே இருக்கும் வயலெல்லாம் பாயும். மோட்டார் இல்லாத காலம். நிலத்தின் உருவத்தை இவ்வளவு நுணுக்கமாகப் படித்தவர்களுக்குக் கருவி என்ன இருந்தது என்று நினைத்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

வாய்க்கால் கரையில் மஞ்சள் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "எந்தூருங்க, என்ன பாக்கறீங்?" என்று கேட்டார். வாய்க்கால் ஏன் வளையுதுன்னு பார்க்கிறோம் என்றேன். "நேரா போனா அந்த மேட்டுக் காட்டுக்கு எப்படிங்க ஏறும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்துவிட்டார். மகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கரையிலேயே உட்கார்ந்து நனைந்துபோன முதல் நாள் பக்கத்தைத் திரும்ப வரைந்தாள். கிணற்றின் குறுக்குவெட்டு. செம்மண் வரை சரியாக வந்தது. அதற்குக் கீழே பென்சில் நின்றுவிட்டது. போனை எடுத்தாள்.

"அப்புச்சி, சுக்கான் எத்தனை அடி வரைக்குமுங்க இருக்குது?"

அப்பா குத்துமதிப்பாகச் சொல்லுகிற ஆள் இல்லை. "இருடா கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கயிறு எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போயிருக்கிறார். கால் மணி நேரம் கழித்துத் திரும்ப அழைத்தார். ஏழே கால் அடி.